சுற்றைத் தவறவிட்டால் திரும்பி வருவது எப்படி?

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஹார்ட் பொப் என்ற ஜாஸ் வகையின் வேகமான பாட்டுகளைப் பற்றி நாலு வரி எழுதினோம். அதற்கு வந்த கேள்விகளே இந்த இதழின் பக்கங்களைப் பிடித்துக்கொண்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம். கணக்குக்காக ஒரு சொல்: கீழே ‘பார்’ என்றால் நான்கு தட்டு. ‘சுற்று’ என்றால் பாட்டின் அமைப்பு ஒரு தடவை முழுதாக ஓடி முடிவது. வாத்தியக்காரர் அதைக் கோரஸ் என்பார்கள்.

கேள்வி: தம்பி நாள் முழுதும் ஹார்ட் பொப் போடுகிறான். எனக்கு ஐந்து பேர் ஒரே நேரத்தில் சண்டை பிடிப்பதுபோலத்தான் கேட்கிறது. இதை எங்கே பிடித்துக் கேட்பது? (வாசகி, வத்தளை)

பதில்: ஊதுகிறவரை விட்டுவிடுங்கள். முதல் தடவை பேஸை மட்டும் கேளுங்கள். ஒரு பாருக்கு நான்கு அடி, நிற்காத நடை. அதனால்தான் அதற்கு வோக்கிங் பேஸ் என்று பெயர். அந்த நடை காலுக்கு வந்ததும், இரண்டாம் தடவை ட்ரம்ஸ்காரரின் வலது கை: ரைட் (ride) சிம்பலில் ‘டிங், டிங்-க, டிங், டிங்-க’ என்று ஓடும். இடது காலில் ஹை-ஹெட் என்ற சோடிச் சிம்பல் இரண்டாம், நான்காம் தட்டுகளில் ‘சிக்’ என்று மூடும். மூன்றாம் தடவை பியானோ. அது தொடர்ந்து வாசிக்காது, இடையிடையே குத்தும். நான்காம் தடவைதான் ட்ரம்பெட்டுக்கும் சக்ஸபோனுக்கும் போக வேண்டும். ஸ்னெயர் ட்ரம்மில் விழும் திடீர் அடிகள், சொலோ, அதாவது தனி, வாசிப்பவர் மூச்செடுக்கும் இடத்தில் விழுகின்றனவா என்று கவனியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விழும். சண்டை என்று நீங்கள் நினைத்தது இதைத்தான்.

பாட்டின் ஒழுங்கு மிகவும் எளிது. முதலில் ஊது வாத்தியங்கள் சேர்ந்து மெட்டை வாசிக்கும், அது ‘ஹெட்’. பிறகு ஒவ்வொருவராகச் சொலோ. பிறகு ட்ரம்ஸோடு நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிப்பது. கடைசியில் மறுபடி மெட்டு. அதற்கு முந்திய ஜாஸ் வகையான பீபொப்பின் வேகத்தையும் கணக்கையும் வைத்துக்கொண்டு, புளூஸின் அழுத்தத்தையும் கறுப்பினத் தேவாலயப் பாட்டின் சூட்டையும் ஏற்றியது ஹார்ட் பொப்.

தொடங்குவதற்கு ஒன்று சொல்லச் சொன்னால், 1954 பெப்ரவரி 21 அன்று நியூயோர்க் ‘பேர்ட்லண்ட்’ விடுதியில் ட்ரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கியின் குழு வாசித்த நேரடிப் பதிவு. ட்ரம்பெட் கிளிஃபர்ட் பிரவுன், ஆல்ட்டோ சக்ஸ் லூ டொனால்ட்சன், பியானோ ஹொரேஸ் சில்வர், பேஸ் கேர்லி ரஸல். அதில் சில்வர் எழுதிய ‘குவிக்சில்வர்’ நல்ல வேகம். தம்பியிடம் கேட்டால் வைத்திருப்பான்.

கேள்வி: சக்ஸபோன்காரர் ஜோன் கோல்ட்ரேனின் ‘புளூ ட்ரெயின்’ இசைத்தட்டில் ‘லோகோமோஷன்’ பாட்டை 32 பாராக எண்ணினால் இரண்டாம் சுற்றில் பிசகுகிறது. புளூஸ் என்று நினைத்து 12 பாராக எண்ணினால் அதுவும் பிசகுகிறது. யாரில் பிழை? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: உங்களில்தான். ஆனால் இரண்டு கணக்கிலும் பாதி பாதி சரி. அந்தப் பாட்டின் ஒரு சுற்று 44 பார். ஏ-ஏ-பி-ஏ என்ற பழைய அமைப்புத்தான், ஆனால் ஏ பகுதி எட்டுப் பார் அல்ல, பன்னிரண்டு பார் புளூஸ். நடுவில் வரும் பி, அதாவது பிரிட்ஜ், மட்டும் எட்டு. 12, 12, 8, 12.

நீங்கள் பிசகிய விதத்திலேயே விடை இருக்கிறது. 12-உம் 12-உம் 8-உம் சேர்ந்தால் 32. ஆகவே உங்கள் 32 சரியாகப் பிரிட்ஜின் முடிவில் போய் நிற்கிறது. அங்கே புதிதாக ஒரு புளூஸ் தொடங்குகிறது. சுற்று முடிந்துவிட்டது என்று மனம் ஏமாறுகிறது. அடுத்த 32 அப்படி எங்கும் பொருந்தாது, நடு ஏ-யின் எட்டாம் பாரில் அறுந்து விழும். 12 ஆக எண்ணினாலோ முதல் இரண்டும் பொருந்தி, பிரிட்ஜ் நான்கு பார் முந்தி முடிந்துவிடுகிறது.

ஆதிதாளம் பழகியவர்களுக்கு ஒரு குறுக்குவழி. இரண்டு பார் என்றால் எட்டுத் தட்டு, ஓர் ஆவர்த்தனம். ஆறு, ஆறு, நான்கு, ஆறு என்று 22 ஆவர்த்தனம் போடுங்கள். பாரைப் பாராக எண்ணுவதைவிட இது பிசகாது, எண்ண வேண்டிய எண்கள் சிறியவை என்பதால். சாதாரண 32 பார் பாட்டு நான்கு நான்காகப் பதினாறு ஆவர்த்தனம்.

பாட்டைப் போடாமல் முதலில் கடிகாரத்தோடு பழகலாம். நிமிடத்துக்கு 240 தட்டு என்று வைத்தால் ஒரு பார் சரியாக ஒரு வினாடி. வினாடி முள்ளைப் பார்த்தபடி ‘ஏ’ என்று பன்னிரண்டு வினாடி, மறுபடி பன்னிரண்டு, ‘பி’ என்று எட்டு, பிறகு பன்னிரண்டு. இப்படி ஐந்து சுற்று, வாயால் புளூஸ் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே. முணுமுணுப்பு முக்கியம். வாசிக்கும்போது எண்ண நேரம் இராது; அளவு உடம்புக்குள் போயிருக்க வேண்டும்.

ஆட்கள் தொலைவது பிரிட்ஜில் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறுகிற சத்தமே வழிகாட்டும். தொலைவது அதற்குப் பிறகு. ஒரு சுற்றின் கடைசி ஏ-யும் அடுத்த சுற்றின் முதல் இரண்டு ஏ-க்களும் ஒட்டிக்கொண்டு ஒரே மாதிரி வரும். 32 பார் பாட்டில் அது 24 பார், லோகோமோஷனில் 36. அந்த நீளத்துக்குள் ‘இது முதலாவதா, இரண்டாவதா’ என்று ஒரு கணம் நினைத்தால் போதும், கதை முடிந்தது.

தொலைந்துவிட்டால் நிறுத்தாதீர்கள், அவசரமாக ஊகித்து ஓடவும் வேண்டாம். பாட்டின் ஆதார ஸ்வரத்தை, அதாவது ஸ-வை, நீட்டிப் பிடித்து நில்லுங்கள். புளூஸ் பகுதியில் அது அநேகமாக எங்கும் நிற்கும், ப-வின்மேல் கட்டிய ஐந்தாம் படிக் கோர்டில் மட்டும் சற்று உரசும். நின்றபடி பிரிட்ஜ் வரும்வரை காத்திருங்கள். நல்ல ட்ரம்ஸ்காரர் இரண்டாம் ஏ-யின் கடைசி இரண்டு பாரில் ஓர் உருட்டுப் போட்டுப் பிரிட்ஜுக்குக் கதவைத் திறப்பார். பேஸ்காரரின் கையைப் பார்ப்பதும் உதவும். ட்ரம்ஸும் பேஸும் இரண்டு வேறு இடத்தில் இருந்தால், அங்கே நீங்கள் தொலையவில்லை, பாண்டே தொலைந்துவிட்டது. யாராவது ஒருவர் சத்தமாக மெட்டைத் தொடங்குவதுதான் ஒரே வழி.

அந்தப் பதிவு 1957 செப்டெம்பர் 15 அன்று நடந்தது. ட்ரம்பெட் லீ மோர்கன், அப்போது வயது 19. ட்ரொம்போன் கேர்ட்டிஸ் ஃபுல்லர், பியானோ கென்னி ட்ரூ, பேஸ் போல் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஃபிலி ஜோ ஜோன்ஸ். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு இதுதான்.

கேள்வி: பப்பரே பாண்டில் ஐந்து வருடமாக ட்ரம்பெட் வாசிக்கிறேன். பைலா வேகத்துக்கு விரல் தடுமாறாது. ஆனால் 240-இல் ஜாஸ் வரி ஒன்றை வாசித்தால் நொண்டுகிறது. விரல் போதவில்லையா? (வாசகர், மருதானை)

பதில்: விரல் போதும். நாக்கும் தாளப் பழக்கமும்தான் பிரச்சினை.

பப்பரேயும் பைலாவும் ஆறு-எட்டு. அங்கே நெடில்-குறில் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் உடம்பில் ஊறிப்போகும். மெதுவான ஸ்விங்குக்கு, 120-ஐ ஒட்டிய வேகத்துக்கு, அந்த அளவு அருமையாகப் பொருந்தும். அதையே 240-க்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஒரு தட்டுக்குக் கால் வினாடி. அதை மூன்றாகப் பிரித்தால் குறிலுக்கு 0.083 வினாடி. அவ்வளவு நேரத்தில் வால்வு இறங்கி, காற்று போய், சத்தம் தெளிவாக வந்து முடியாது, நொண்டல்தான் வரும். வேகம் கூடக் கூட ஜாஸ்காரர் இரண்டையும் சமனாக்கிக்கொண்டே போவார்கள். 240-க்கு மேலே கிட்டத்தட்ட சமன், தலா 0.125 வினாடி. ஸ்விங் அப்போது நீளத்தில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது: தட்டுக்கு நடுவில் விழும் ஸ்வரத்துக்குச் சற்றுக் கூடுதல் அழுத்தம்.

அடுத்தது நாக்கு. மைதானத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ‘த-த-த’ என்று வெட்டுவீர்கள். 240-இல் அது வினாடிக்கு எட்டு வெட்டு. பலருக்கு ஒற்றை நாக்கு அங்கேயே நின்றுவிடும். ஜாஸ் வரியில் எட்டையும் வெட்டுவதில்லை. தட்டுக்கு நடுவிலுள்ள ஸ்வரத்தை மட்டும் மென்மையாக ‘டு’ என்று நாக்கால் தொட்டு, அடுத்த தட்டுக்குள் வழுக்கிவிடுவார்கள். ஆகவே வினாடிக்கு நான்கு தொடுகை. வேலை பாதியாகிறது, நாம் சொன்ன அந்த அழுத்தமும் தானாகவே சரியான இடத்தில் விழுகிறது.

பழகும் முறை: ஒரு மேஜர் ஸ்கேலை எடுத்து, 100-இல், நடு ஸ்வரத்தைத் தொட்டு வழுக்கி ஏறி இறங்குங்கள். ஐந்து தடவை தடங்கலில்லாமல் வந்தால் 8 கூட்டுங்கள். தடங்கினால் 16 குறையுங்கள், 8 அல்ல. தடங்கிய வேகத்துக்கு அடுத்த படியிலேயே நின்றால் அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தே பழகிவிடுவீர்கள். 200 தாண்டியதும் எல்லாத் தட்டுக்கும் காலைத் தட்டுவதை விட்டு, ஒன்றுக்கும் மூன்றுக்கும் மட்டும் தட்டுங்கள். 240-இல் மெட்ரோனோமை 60-இல் வைத்து, பாருக்கு ஒரு சத்தம் மட்டும். நாலு தட்டுக்கும் கால் தட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுவதும் வாசிப்பவருக்குக் கெண்டைக்கால் இறுகும், இறுகினால் தோளும் இறுகும், பிறகு மூச்சும் போகும்.

மார்ச் மாதத்துப் பாடசாலைக் கிரிக்கெட் பிக் மெட்சில் ஊதுகிற சத்தத்தில் இதை ஊதவும் கூடாது. பாதிச் சத்தம். விரல் நுனி வால்வை விட்டு எழும்பாமல் இருக்கட்டும். மேல் ஸ்வரத்துக்கு ஊதுவாயை உதட்டில் அழுத்துகிற பழக்கம் இருந்தால் பத்து நிமிடத்தில் உதடு செத்துவிடும். வாசித்த அளவு நேரம் ஓய்வும் கொடுங்கள்.

கேள்வி: கர்நாடக முறையில் வயலின் கற்கிறேன். சொலோ என்பது கற்பனாஸ்வரம் மாதிரித்தானே? அப்படியென்றால் ஏன் எனக்கு வரவில்லை? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தாளத்தைப் பொறுத்தவரை மாதிரித்தான். கணக்கு வைத்து, எடுப்புக்குத் திரும்பி வருகிற ஒழுக்கம் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. வித்தியாசம் எங்கே என்றால், கற்பனாஸ்வரத்தில் இராகம் நிலையாக நிற்க நீங்கள் அதற்குள் அலைகிறீர்கள். இங்கே காலுக்குக் கீழே தரையே ஒவ்வொரு பாருக்கும் இடம் மாறுகிறது. ஒரு கணம் முன்பு நியாச ஸ்வரமாக நின்றது இப்போது உரசும்.

ஆனால் தொடங்குவது உங்களுக்குத் தெரிந்த இராகத்திலேயே. ஜாஸில் ஆயிரம் தடவை வரும் ஒரு மூன்று கோர்ட் ஓட்டம் உண்டு: இரண்டாம் படி, ஐந்தாம் படி, முதலாம் படி. ஸ்வரத்தில் எழுதினால்:

இரண்டாம் படி: ரி2 ம1 த2 ஸ
ஐந்தாம் படி: ப நி3 ரி2 ம1
முதலாம் படி: ஸ க3 ப நி3

மூன்றும் சங்கராபரணத்துக்குள் அடக்கம். ஆகவே சங்கராபரணத்தில் ஓடினால் பிழை வராது. ஆனால் உயிரும் வராது, கோர்ட் மாறியது யாருக்கும் கேட்காது. மாறியது கேட்கவேண்டுமென்றால் மாறுகிற ஸ்வரத்தை மாறுகிற தட்டில் வைக்க வேண்டும். இரண்டாம் படியின் ஸ, ஐந்தாம் படியில் நி3 ஆக இறங்குகிறது. ஐந்தாம் படியின் ம1, முதலாம் படியில் க3 ஆக இறங்குகிறது. இரண்டே அசைவு. முதல் கிழமை இந்த நான்கு ஸ்வரத்தைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்: ஸ-நி3, ம1-க3, ஒவ்வொன்றும் பாரின் முதல் தட்டில். இரண்டாம் கிழமையில் இடையை நிரப்புங்கள்.

நிரப்பும்போது ஒரு சிக்கல் வரும். பாருக்கு எட்டு ஸ்வரம், இராகத்திலோ ஏழு. இறங்கி வரும்போது எட்டாவதில் கணக்கு ஒன்று தள்ளி, கோர்டின் ஸ்வரங்கள் தட்டுக்கு நடுவில் விழத் தொடங்கிவிடும். பீபொப்காரர் கண்ட மருந்து, ஒரு ஸ்வரத்தைக் கூட்டிவிடுவது. ஐந்தாம் படிக் கோர்டின் அடி ஸ்வரத்தை ஸ என்று வைத்தால், ஹரிகாம்போஜிக்குக் காகலி நிஷாதத்தையும் (நி3) சேர்த்து: ஸ் நி3 நி2 த2 ப ம1 க3 ரி2. தட்டில் விழுவன ஸ், நி2, ப, க3. நான்கும் கோர்டின் ஸ்வரங்கள். நி3 தட்டுக்கு நடுவில் ஒளிந்து போய்விடும். காம்போஜியில் காகலி நிஷாதம் ஒரு பிடிக்கு எட்டிப் பார்ப்பதை ஏற்றுக்கொண்ட காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அடுத்த படி, ‘ஐ கொட் ரிதம்’ வழிவந்த பாட்டுகளின் பிரிட்ஜ். 1930-இல் கேர்ஷ்வின் எழுதிய அந்தப் பாட்டின் கோர்டுகள்மேல் கட்டிய ஜாஸ் மெட்டுகள் ஏராளம். சொனி ரொலின்ஸின் ‘ஓலியோ’ அவற்றில் ஒன்று, அதன் பிரிட்ஜுக்கு எழுதிய மெட்டே கிடையாது, அந்த எட்டுப் பாரைக் கையில் வந்தபடி வாசிக்க வேண்டும். நான்கு கோர்ட், தலா இரண்டு பார். எட்டுப் பாரும் குழப்பமாகத் தெரியும். உள்ளே ஓடும் நூல் இதுதான்: த1, ப, ம2, ம1, பிறகு அடுத்த ஏ-யின் தொடக்கத்தில் க3. அரை அரைச் சுருதியாக ஒரே இறக்கம். இன்னொரு நூல் அதோடு சேர்ந்து ரி2, ரி1, ஸ, நி3 என்று இறங்கி ஸ-வுக்குத் திரும்பும். இந்த இரண்டையும் வாயால் பாடத் தெரிந்தால் பிரிட்ஜில் யாரும் உங்களைத் தொலைக்க முடியாது.

இனி வயலினுக்கென்று சில. வேக வரியில் கமகம் வேண்டாம், 0.125 வினாடி ஸ்வரத்தை அசைத்தால் சுருதி தவறிய ஸ்வரமாகத்தான் கேட்கும். நீண்டு நிற்கும் ஸ்வரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வில்லின் நடுப்பகுதி மட்டும், நான்கு விரல்கடை நீளம் போதும். ஊது வாத்தியக்காரருக்கு பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப் வசதி. பி ஃப்ளாட் என்றால் ஆறரைக் கட்டை. அதற்காகத் தந்தியை முறுக்காதீர்கள், அறுந்துவிடும். மேற்கத்தியச் சுருதி வைத்து, விரலால் ஸ பிடிக்கப் பழகுவது நல்லது.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், இவ்வளவு வேகத்தில் யோசித்து வாசிக்க முடியாதுதானே? எல்லாம் பாடமாக்கி வந்து ஒப்பிப்பதுதானே? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: மிருதங்கக்காரர் சொற்கட்டைப் பாடமாக்கித்தான் வருகிறார். அதற்காகத் தனியாவர்த்தனத்தை ஒப்பித்தார் என்று சொல்வோமா? இங்கும் அந்த அளவுதான்.

கோல்ட்ரேனின் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ இதற்கு நல்ல சாட்சி. 16 பாருக்குள் 26 கோர்ட், மூன்று ஆதாரச் சுருதிகளுக்கிடையே தாவல், நிமிடத்துக்கு 280-ஐ ஒட்டிய வேகம். ஒரு சுற்று 14 வினாடிகூட இல்லை. சொலோவை உற்றுக்கேட்டால் ஸ ரி2 க3 ப என்ற நான்கு ஸ்வரப் பிடி கோர்டுக்குக் கோர்ட் இடம் மாறி வந்துகொண்டே இருக்கும். மோகனத்தில் தைவதத்தை எடுத்துவிட்ட மாதிரி. அந்தப் பிடி வீட்டில் செய்தது, ஐயமில்லை. எந்தப் பிடிக்குப் பிறகு எது, எங்கே மூச்சு, எங்கே உடைப்பது என்பது அந்த நேரத்து முடிவு. அதே பாட்டின் மாற்றுப் பதிவுகள் வெளிவந்திருக்கின்றன, ஒப்பிட்டுக் கேட்கலாம்.

தயாராகாமல் வந்தால் என்ன ஆகும் என்பதும் அதே 1959 பதிவிலேயே இருக்கிறது. பியானோவில் டொமி ஃபிளனகன், சாதாரண ஆள் அல்ல. ஆனாலும் அவருடைய சொலோ இடையிடையே அறுந்து, கடைசியில் வெறும் கோர்டுகளாகிறது. 1982-இல் அவர் அதே பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, அதே பாட்டைச் சரளமாக வாசித்தார். நாங்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வோம். அறுந்த சொலோவில்தான் அந்த வேகத்தின் பயங்கரம் தெரிகிறது.

கேள்வி: மிருதங்கம் தெரிந்த நான் ட்ரம்ஸுக்கு மாறினேன். நான்கு நான்கு பாராக மாற்றி வாசிக்கும் இடத்தில், நான் முடித்ததும் ஊதுகிறவர் தவறான இடத்தில் புகுகிறார். (வாசகர், தெஹிவளை)

பதில்: நீங்கள் தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போட்டிருப்பீர்கள். நான்கு பாருக்குப் பதினாறு தட்டு. மூன்று மூன்றாக ஐந்து போட்டு ஒரு தட்டு மிச்சம். உங்களுக்கு அது தெரியும், ஊதுகிறவருக்குத் தெரியாது. உங்கள் மூன்றைப் பாராக எண்ணிவிடுவார். மருந்து ஒன்றுதான்: கையில் என்ன கணக்குப் போட்டாலும் ஹை-ஹெட் கால் இரண்டிலும் நான்கிலும் நிற்காமல் மூடட்டும். உங்கள் பக்கத்துப் பிழை ஒன்றும் உண்டு. கோர்வையைச் சமத்தில் இறக்கும் ஆசையில் கடைசி பாரில் வேகம் ஏறிவிடும். பதிவு செய்து கேட்டால் தெரியும்.

யார் எந்த இடத்தில் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். 32 பாரில் எட்டு நான்குகள். ஊதுகிறவர் தொடங்கினால் பிரிட்ஜின் முதல் பாதி அவருக்கு, இரண்டாம் பாதி உங்களுக்கு. 12 பார் புளூஸில் மூன்றே நான்குகள். ஆகவே முதல் சுற்றை அவர் தொடங்கினால் அடுத்த சுற்றை நீங்கள்தான் தொடங்க வேண்டும். லோகோமோஷனின் 44-க்குப் பதினொன்று, அதுவும் ஒற்றை, அதே விதி. பலர் மோதுவது இங்கேதான்.

கேள்வி: ஒரு சுற்றுக்குள் வலது கை மரத்துப்போகிறது. பேஸ் கிட்டார். (வாசகர், கொலன்னாவை)

பதில்: இரண்டு விரலை மாற்றி மாற்றிப் பாவிக்கிறீர்களா? ஒரே விரலென்றால் 240-இல் வினாடிக்கு நான்கு, மரக்கத்தான் செய்யும். எம்பிளிஃபயரைக் கூட்டி, கையின் பலத்தைக் குறையுங்கள். முதல் மெட்டுக்கு நான்கில் நடக்காமல் ‘டூ’வில், பாருக்கு இரண்டு அடியில் வாசித்தால் கை பிழைக்கும். முதல் தட்டில் கோர்டின் அடி ஸ்வரம், நான்காம் தட்டில் அடுத்த அடிக்கு அரைச் சுருதி மேலோ கீழோ, நடுவில் ஒரே ஸ்வரத்தை இரண்டு தடவை அடித்தாலும் குற்றமில்லை.

கேள்வி: கடலுக்குப் பக்கத்து வீடு. டெனர் சக்ஸின் கீழ் ஸ்வரங்கள் ஒழுகுகின்றன, வேகமாக வாசித்தால் சில கீ திரும்பி எழும்புவதில்லை. (வாசகர், கொள்ளுப்பிட்டி)

பதில்: கீ எழும்பாததற்கு ஊசி ஸ்பிரிங்கைப் பாருங்கள். அது எஃகு, உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சோரும். கம்பிகளுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஒழுகலுக்குப் பெரும்பாலும் பேட், அதாவது துளையை மூடும் தோல் வட்டு, காரணம்: வாசித்து முடித்ததும் ஈரத்தோடு பெட்டியில் மூடினால் தோல் ஊதி, பிறகு காய்ந்து விறைக்கும். உள்ளே துணி இழுத்துத் துடைத்து, பெட்டியைக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். ரீட் மூன்று நான்கை வைத்துச் சுழற்சியில் பாவிக்க வேண்டும். நம் ஈரக் காற்றில் ஈரமாய் அடைத்த ரீட் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: ஹோட்டல் நிகழ்ச்சியில் ஒரே ஒரு வேகப் பாட்டு வாசிக்கப் போகிறோம். ட்ரம்பெட், சக்ஸ், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். எத்தனை சுற்று? எண்ணித் தொடங்கும்போதே வேகம் மிஞ்சிவிடுகிறது. (வாசகர்கள், கொழும்பு 13)

பதில்: 32 பார் பாட்டு, 240 வேகம் என்று வைத்தால் ஒரு சுற்று 32 வினாடி. தொடக்க மெட்டும் முடிவு மெட்டும் தலா ஒன்று. ட்ரம்பெட், சக்ஸ், பியானோவுக்குத் தலா இரண்டு சுற்று. ட்ரம்ஸோடு மாற்றி வாசிக்க இரண்டு. மொத்தம் பத்துச் சுற்று, 5 நிமிடம் 20 வினாடி. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற சபைக்கு அது தாராளம். பேஸ் சொலோ இந்த வேகத்தில் வேண்டாம். அடுத்த மெதுவான பாட்டில் கொடுங்கள்.

வேகம் மிஞ்சுவதற்குக் காரணம், எண்ணுகிறவர் மனதில் மெட்டின் சுலபமான இடத்தைப் பாடிக்கொண்டு எண்ணுவது. மெட்டிலேயே மிகக் கஷ்டமான இரண்டு பாரை வாய்க்குள் பாடிப் பாருங்கள், அது தெளிவாக வருகிற வேகத்தில் எண்ணுங்கள்: முதல் பாரில் ‘ஒன்று… இரண்டு…’ என்று இரண்டு தட்டுக்கு ஒன்று, அடுத்த பாரில் ‘ஒன்று இரண்டு மூன்று நாலு’. அந்த இரண்டு பாருக்குள் ட்ரம்ஸ்காரரின் வலது கை காற்றில் அசையத் தொடங்கியிருக்க வேண்டும். பியானோக்காரருக்கு ஒரு வார்த்தை: இந்த வேகத்தில் பாருக்கு ஒரு குத்துக்கூட அதிகம். இரண்டு பாருக்கு ஒன்று போதும், இடது கையில் கோர்டின் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்கள் இருந்தால் சரி. அடி ஸ்வரம் பேஸின் வேலை.

கேள்வி: பெரிய ஜாஸ்காரர் யாராவது இலங்கைக்கு வந்ததுண்டா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: அமெரிக்க அரசு அனுப்பிய பயணங்களில் டேவ் புரூபெக் 1958-இலும் டியூக் எலிங்டன் 1963-இலும் வந்தார்கள். இருவரும் ஹார்ட் பொப்காரர் அல்ல.

கேள்வி: தொடர்மாடியில் இருக்கிறேன். ட்ரம்பெட்டை எடுத்தாலே மேல்வீட்டிலிருந்து தரையை இடிக்கிறார்கள். (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: பிராக்டிஸ் மியூட் வாங்கலாம், ஆனால் அது காற்றைத் தடுக்கும், சுருதியையும் பெரும்பாலும் ஏற்றிவிடும், தினமும் அதிலேயே வாசித்தால் கழற்றிய நாளில் காது குழம்பும். உடுப்பு நிறைந்த அல்மாரியைத் திறந்து அதற்குள் பார்த்து ஊதினால் சத்தம் கணிசமாகக் குறையும். இதற்கிடையில் ஊதாமலே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. பதிவைப் பாதி வேகத்தில் ஓட விட்டு, ஒரு சொலோவின் எட்டுப் பாரை வாயால் பாடுங்கள். பாட வந்ததும், ஊதாமல் வால்வை மட்டும் அழுத்திக்கொண்டு பாடுங்கள். பிறகு முக்கால் வேகம், பிறகு முழு வேகம். கடைசியாக ஊதுவதற்குப் பின்னேரம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் ஒரு கால் மணி நேரம் கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் காலி வீதி வாகனச் சத்தத்தில் மேல்வீட்டாருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.